செருப்புக்கு ஒரு கிலோ

மஞ்சக்குப்பம் மைதானத்தின் வடக்கு மூலையில்
காலை ஐந்தே முக்காலுக்கு
ஒரு பிளாஸ்டிக் மேசை, எடைக் கருவி, நான்.
பன்னிரண்டு வார உடற்பயிற்சி. கட்டணம் இல்லை.
குனியச் சொல்வதும் குதிக்கச் சொல்வதும்
பயிற்சியாளர் தேவசகாயம்.
பெயர், வயது, எடை, தொழில், மாத வருமானம்
எழுதுவது மட்டும் என் வேலை.

எடையைச் சொல்லக் கூசியவர்கள்
வருமானத்தைச் சத்தமாகச் சொன்னார்கள்.
வருமானத்துக்கு வாய் திறக்காதவர்கள்
எடை எவ்வளவானாலும் எழுதிக்கோ என்றார்கள்.
இரண்டையும் முணுமுணுத்தவர் ஒருத்தர்தான்,
புதுப்பாளையம் அடகுக்கடைக்காரர்.

திரிபுரசுந்தரி, ஓய்வு பெற்ற தாசில்தார்.
ஏறுமுன் வளையல் கழற்றினார், கடிகாரம் கழற்றினார்,
தாலிச்சரட்டை மட்டும் கழற்ற மனமில்லாமல்
கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்,
கையும் தன்னுடையதுதான் என்பதை மறந்து.
எழுபத்தொன்பது.

மெஹருன்னிசா, முதுநகர், வீட்டில் தையல்.
புர்காவோடு ஏறினா கூடக் காட்டுமா என்றாள்.
அரைக் கிலோ குறைத்து எழுதினேன்.
யாரும் கேட்கவில்லை.

செல்லக்கிளி, தேவனாம்பட்டினம், மீன் விற்பனை,
எண்பத்தாறு.
சர்க்கரை என்று பெரியாஸ்பத்திரி சீட்டெழுதி அனுப்பியிருந்தது.
‘வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி?’
இல்ல சார் என்றாள். பூஜ்யம் போட்டேன்.
துறைமுகத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை
தலையில் கூடை இருந்தால்
அந்த நடைக்குப் படிவத்தில் இடமில்லை.

ரோஜா நிறத்தில் இரண்டு கிலோ டம்பெல்.
மெதுவா தூக்கும்மா, தசை பிடிச்சுக்கும் என்றார் தேவசகாயம்.
அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இத தூக்குனா எவ்ளோ தருவீங்க?
மைதானமே சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
நிஜமாகவே கேட்டிருந்தாள்.

ஐந்தாவது வாரம் பெயர்ப்பட்டியலில் ஓட்டைகள்.
சிப்காட் இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்துகொண்டிருந்த
கலியபெருமாள், தொண்ணூற்றாறு,
பாயில் மல்லாந்து வயிற்றுப் பயிற்சிக்குக் காத்திருந்தவர்
அப்படியே குறட்டை விட்டார். மறுநாள் வரவில்லை.
மெஹருன்னிசாவுக்குப் பெருநாள் தையல் குவிந்துவிட்டது.
செல்லக்கிளி சொல்லாமல் நின்றுவிட்டாள்.
‘வராததற்குக் காரணம்’ என்று ஒரு கட்டம்.
ஆர்வமின்மைன்னு போட்டுடு என்றார் தேவசகாயம்,
போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

பிறகு அறிக்கைக்காகக் கூட்டி வகுத்தபோது
சராசரி நாலு கிலோ இறங்கியிருந்தது.
மறுபடி கூட்டினேன். சரிதான்.
கனத்தவர்கள் நின்றுபோனதில்
யாரும் மெலியாமலே
சராசரி மெலிந்திருந்தது.
மாவட்ட அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை துறைமுகம் போனேன்,
மீன் வாங்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு.
ஏலக் கூட்டத்தின் விளிம்பில் அவள்,
சங்கரா குவியலுக்கு முன்னால் புடவையைத் தூக்கிச் செருகி.
என்னைப் பார்த்ததும் பெரிய தராசைக் காலால் தள்ளினாள்.
ஏறு.
நானா?
எங்க எடையெல்லாம் எழுதுனல்ல.

தட்டில் ஐஸ் தண்ணீர், செதில்.
ஏறி நின்றேன். சிவப்பு எழுத்து ஓடி, நடுங்கி, நின்றது.
தொண்ணூற்றொன்று எண்ணூறு.
படிவத்தில் என் பெயருக்கு வரிசையே இருந்ததில்லை.

செருப்புக்கு ஒரு கிலோ கழிச்சுக்கோ என்றாள்.
ஏலக்காரன் எட்டிப் பார்த்து,
தொண்ணூறே முக்கால், தொண்ணூறே முக்கால்,
யாரு கேக்குறா?
யாரும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒருவர்
ஐஸ் உடைப்பதை நிறுத்தவுமில்லை.

சம்பளம் எவ்ளோ சார் உனக்கு?
சொன்னேன்.
படகு ஒன்று மோட்டாரைக் கிளப்பியது.
இன்னா? என்றாள்
காதருகே கையைக் குவித்து.
சத்தமா சொல்லு,
கேக்கல.